புகை உண்டா

படிவத்தில் மூன்றாவது கேள்வி அது.
பக்கத்தில் இரண்டு கட்டம்: ஆம், இல்லை.
டிக்கோயா ஆஸ்பத்திரி, வியாழக்கிழமை, நெஞ்சுக் கிளினிக்.
யன்னலோரம் பனி வந்து நின்றது,
துண்டு எடுக்காமல் வந்த நோயாளி மாதிரி.

"புகை உண்டா?" என்றேன்.
"உண்டுங்க."
"எத்தன வருசம்?"
"வாக்கப்பட்டு வந்ததுலருந்து. முப்பத்தொண்ணு."
"நாளைக்கு எத்தன?"
"ரெண்டு வேள. விடிய ரொட்டிக்கு, அந்திக்குச் சோத்துக்கு."

நான் நிமிரவில்லை.
வரிசை வாசல் தாண்டி இருமிக்கொண்டிருந்தது.
ஆம் என்ற கட்டத்தில் சரி போட்டேன்.
நானும் லயத்தில் பிறந்தவன்தான்.

உள்ளே டொக்டர் சிங்களத்தில் கோபித்தார்.
தாதி அதைப் பாதிக் கோபத்தோடு தமிழில் சொன்னாள்:
"இன்னையோட நிறுத்தணுமாம்."
மருதாயி சிரித்தார். சிரிப்பு இருமலாகி,
இருமல் சுவரைப் பிடித்து நின்று, ஓய்ந்த பிறகு
"நிறுத்திப்புட்டா ஒலைய யாரு வைப்பா?"

படிவம் என்னிடம் திரும்பி வந்தது,
சிவப்பில் ஒரு கேள்விக்குறியோடு.

மேக்கணக்கு, ஏழாம் லயம், நாலாம் காம்பரா.
பத்தடிக்குப் பன்னிரண்டு. அதற்குள் அடுப்பு.
கவ்வாத்து மலையில் சுமந்து வந்த மிலாறு
ஆடி மழையில் ஊறிக் கிடக்கும்;
எரியாது, அழும்.
ஊதுகுழல் எடுத்து ஊத வேண்டும்.
ஊதி முடித்து மூச்சை இழுத்தால்
உள்ளே போவதும் அதுதான்.
தகரத்தில் ஒரு சாண் வழி விட்டிருந்தாராம் புருஷன்.
ஒழுகுகிறதென்று சாக்கு அடைத்தார்கள்.

பகலில் ஸ்டோர். சலிக்கிற அறை.
மூக்கைச் சிந்தினால் கறுப்பாய்த் தேயிலைத் தூசு.
கட்டச் சொல்லிக் கொடுத்த துணி
மூச்சு முட்டுதென்று கழுத்தில் கிடக்கும்.

சளியை மூன்று தரம் பார்த்தாயிற்று.
காசம் இல்லை என்றதும் கும்பிட்டார்,
நோயே இல்லை என்று சொன்னதாக நினைத்து.

குழாயை வாயில் கொடுத்தேன்.
எல்லோருக்கும் சொல்கிற வாக்கியம் ஒன்று வைத்திருக்கிறேன்,
ஐந்து வருஷமாய்:
"அடுப்பு ஊதுற மாதிரி ஊதுங்க."
அன்றைக்குப் பாதியில் நின்றுவிட்டது.
மீதிக்கு அவர் காத்திருக்கவில்லை.
குனிந்து, கண்ணை இடுக்கி,
எதிரே சாம்பல் பறக்கப்போகிற மாதிரி
முறையாக ஊதினார்.

திரையில் கோடு கொஞ்சம் எழுந்தது.
உடனே சாய்ந்து, தரையோடு இழுபட்டது.
நாற்பத்தொன்பது வயதுக்கு வேண்டியதில் பாதிகூட இல்லை.

நீலப் பம்ப் கொடுத்தார்கள்.
ஊதியே பழகியவருக்கு இழுக்க வரவில்லை.
மருந்தெல்லாம் நாக்கில் விழுந்து, "கசக்குது."
தண்ணீர்ப் போத்தலின் அடியில் ஓட்டை சுட்டு
பம்பைச் செருகிக் காட்டினேன்.
குலுக்குங்க. அமுக்குங்க. மெதுவா இழுங்க.
பத்து எண்ணும்வரை உள்ளேயே வச்சிருங்க.
"இழுத்தத வெளிய விடாமலா?"
"ஆமா."
"இத்தன வருசமும் அதத்தானே செஞ்சேன்."

இருநூறு அடி உள்ள பம்ப்.
மூன்றாம் வாரமே காலியாகக் கொண்டுவந்து
மேசையில் வைத்தார்.
"ராவுல இருமுறது நான் மட்டுமா?
லயத்துல ஆளுக்கொரு இழுப்பு."
பிறகு, நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று,
"போத்தலு தனித்தனிங்க."

படிவத்தின் அடியில், கட்டம் இல்லாத இடத்தில்
எழுதப் பார்த்தேன்.
மிலாறுக்கு டொக்டரின் மொழியில் சொல் தெரியவில்லை.
ஒரு கட்டுக் குச்சி வரைந்தேன். அடுப்பு. மேலே கூரை.
கூரைக்குக் கீழே பேனையைப் படுக்கவைத்துக்
கறுப்பாய்த் தேய்த்தேன்.

டொக்டர் அதை வெகுநேரம் பார்த்தார்.
மருந்துத் துண்டை எடுத்தார். பேனை நின்றது.
வெளியே யாரோ இருமினார்கள்.
பிறகு எழுதினார்:
பம்ப், இரண்டு.